பூங்காவுக்கு விட்ட இடம்

தர்மபுரி சுற்றுவட்டாரத்தில் எந்தப் புது நகருக்குள் நுழைந்தாலும் ஒரு காலி இடம் கண்ணில் படும். மனை விற்ற காலத்தில் வரைபடத்தில் அதற்குப் பச்சை வண்ணம் அடித்து ‘பூங்கா’ என்று எழுதியிருப்பார்கள். பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் சீமைக் கருவேல முள், உடைந்த பீங்கான், யாரோ கொண்டுவந்து கட்டிய எருமை. அதற்கு நடுவிலும் செங்கல்லை அடுக்கி ஸ்டம்ப் வைத்துப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் தெருவுக்கு ஒரு பதில் வரும். புரமோட்டருடையது என்பார்கள், புறம்போக்கு என்பார்கள். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் இதற்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடம் விட முடியாதபோது வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். விட்ட இடத்தைத் தானப் பத்திரம் பதிவு செய்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். தானம் என்று பெயர்தான். அந்த இடத்தின் விலையையும் சேர்த்துத்தான் மற்ற மனைகளுக்கு ரேட் போட்டிருப்பார்கள். குடிவந்த ஒவ்வொரு குடும்பமும் அதற்குக் காசு கொடுத்திருக்கிறது.

அப்படி வாங்கிய இடத்தில் முதல் குப்பைக் கவர் எப்படி விழுகிறது? காலையில் விசில் ஊதிக்கொண்டு வண்டி வரும். தூய்மைப் பணியாளர், “அக்கா, ஈரக் குப்பையைத் தனியாக் குடுங்கக்கா” என்பார். “இன்னிக்கு ஒருநாள் எடுத்துக்கம்மா, நாளைக்குப் பிரிச்சு வைக்கிறேன்” என்று பதில் வரும். அந்த நாளை வருவதே இல்லை. வண்டியைத் தவறவிட்டவர் வேலைக்குப் போகிற வழியில் பைக்கில் இருந்தபடியே ஒரு கவரை வீசிவிட்டுப் போவார். ஒரு கவர் கிடக்கும் இடத்தில் இரண்டாவதைப் போட யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை. நாய் வந்து கிழிக்கும். மாம்பழ சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். தோலும் கொட்டையும் ஈ மொய்க்கும். கடைசியில் யாராவது தீ வைத்துவிடுவார்கள்.

2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு விதிகளே இதையெல்லாம் தடுத்தன. தெருவிலோ பொது இடத்திலோ குப்பையைக் கொட்டக் கூடாது, எரிக்கக் கூடாது, புதைக்கவும் கூடாது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, பேட்டரி, பல்பு, காலாவதியான மாத்திரை மாதிரியான அபாயக் குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று அந்த 2016 விதிகள் கூறின. நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் நன்றாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும். சுற்றாமல் போட்டால் அதைக் கையால் பிரிக்கப்போவது இன்னொரு வீட்டுப் பெண். நூறு பேருக்கு மேல் கூடும் விசேஷத்தை உரிமம் இல்லாத இடத்தில் நடத்தினால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் காதுகுத்து வைக்கும் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

அடுத்த கட்டம்தான் ஆபத்தானது. “ஏற்கெனவே குப்பை கொட்டுற இடம்தானே, அங்கேயே உரக்கூடம் கட்டிடலாம்” என்று ஒரு யோசனை கிளம்பும். மன்றக் கூட்டத்தில் பல தீர்மானங்களோடு அதுவும் ஒன்றாக நிறைவேறிவிடும். கோவையில் இப்படிப் பூங்கா இடங்களில் நுண் உரக்கூடம் அமைக்கப் போய்க் குடியிருப்போரின் எதிர்ப்பு கிளம்பியது. கவுன்சிலரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. உரக்கூடம் எங்காவது இருந்தாக வேண்டும். எங்கள் தெருவில் வேண்டாம் என்றுதான் எல்லாத் தெருவும் சொல்கிறது. அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரிய பணிகளாகக் குப்பை அகற்றுவதும் இருக்கிறது, பூங்கா பராமரிப்பதும் இருக்கிறது. இரண்டுக்கும் இடம் கண்டுபிடிப்பது மன்றத்தின் வேலை. ஒன்றின் இடத்தை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுப்பது சுலபமான வழி, அவ்வளவுதான்.

தர்மபுரியில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடும் பெங்களூருவில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. குடியிருப்புப் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை ஒரு மருத்துவ டிரஸ்டுக்கு நர்சிங் ஹோம் கட்டக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியும் நல்ல காரியம்தானே என்று அங்கே இருந்தவர்கள் விட்டுவிடவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. வழக்குப் போட அந்தப் பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது.

எல்லோரும் டெல்லி வரை போக வேண்டியதில்லை. கிராமத்துக்கு கிராம சபை இருப்பதுபோல நகராட்சி வார்டுகளுக்கும் 2022 முதல் தமிழ்நாட்டில் பகுதி சபை வந்திருக்கிறது. தர்மபுரி நகராட்சியில் 33 வார்டுகள். உங்கள் நகர் ஊராட்சி எல்லைக்குள் வந்தால் கிராம சபைக்கே போகலாம். போகும்போது மனைப்பிரிவு அனுமதி எண்ணும், வரைபடத்தின் ஒரு நகலும் கையில் இருக்கட்டும். தானப் பத்திரம் பதிவாகிவிட்டதா, சர்வே எண் என்ன, வேலியும் பெயர்ப் பலகையும் எப்போது என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அங்கே கேட்கிற முதல் கேள்வி, “உங்க தெருவுல குப்பையைப் பிரிச்சுக் குடுக்கறீங்களா?” என்பதாகவும் இருக்கலாம். அதற்கும் தயாராகவே போவது நல்லது.