காபிக் காசு எங்கே போய் நிற்கும்?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவின் வீடு. மாதத்தின் முதல் வாரம். சமையல் எரிவாயு சிலிண்டர் வந்து இறங்குகிறது. ரசீதில் உள்ள தொகையைச் சில்லறை உட்பட எண்ணித் தயாராக வைத்திருக்கிறார் வீட்டுக்கார அம்மாள். சிலிண்டர் கொண்டு வந்தவர் பணத்தை வாங்கிக் கொண்டு நகராமல் நிற்கிறார். "காபிகே ஏனாத்ரு கொடி, அம்மா" என்கிறார். கொடுக்காவிட்டால் அடுத்த முறை "வீடு பூட்டியிருந்தது" என்று சொல்லிச் சிலிண்டரைத் திருப்பிக் கொண்டு போய்விடுவாரோ என்ற பயம் அம்மாளுக்கு. ஐம்பது ரூபாய் கை மாறுகிறது.

அதே வாரத்தில் தண்ணீர் கேன் போடுபவர் தலையைச் சொறிகிறார். கூரியர் தபால் கொண்டு வருபவர் கையெழுத்து வாங்கிய பிறகும் படியில் நிற்கிறார். ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளுகிறவர், முடிவெட்டும் கடைப் பையன், வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதுகிறவர் என்று வரிசை நீளுகிறது. ஆயுத பூஜை, தீபாவளி வந்தால் தெருவில் முகம் தெரியாதவர்கள் கூட இனாம் கேட்டு வருகிறார்கள். மாதச் சம்பளக்காரரின் குடும்பக் கணக்கில் வாடகை, பால், பள்ளிக்கூடச் சம்பளம் ஆகியவற்றுடன் "மேல் காசு" என்று ஒரு புதிய இனம் எழுதவேண்டிய நிலை வந்துவிட்டது.

ஓட்டலில் இருந்த வழக்கம்

டிப்ஸ் என்பது புதிதல்ல. ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் சர்வர் ஒரு சிறு தட்டில் பில்லையும் சோம்பையும் வைத்துக் கொண்டு வருவார். பாக்கிச் சில்லறையில் ஒரு பகுதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போவது வழக்கம். அதற்கு மூன்று இலட்சணங்கள் இருந்தன. வேலை முடிந்த பிறகு கொடுத்தார்கள். கேட்காமல் கொடுத்தார்கள். எவ்வளவு என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்தார். சாம்பாரை இரண்டாம் முறை முகம் சுளிக்காமல் ஊற்றிய சர்வருக்கு அது ஒரு சந்தோஷம்; கொடுத்தவருக்கும் சந்தோஷம்.

நின்றுகொண்டே சாப்பிடும் "தர்சினி" ஓட்டல்கள் 1980-களில் பெங்களூரில் தோன்றிப் பரவின. டோக்கனை நீட்டித் தட்டைத் தானே வாங்கிக் கொண்டு போய்ச் சாப்பிடவேண்டும். பரிமாறுபவரே இல்லை என்பதால் டிப்ஸும் இல்லை. விலை குறைவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேலை தேடி வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலருக்கு அந்த ஓட்டல்களே சமையலறையாக இருந்தன. இன்று அப்படிப்பட்ட கடைகளிலும் சிலவற்றில் கல்லாவின் பக்கத்தில் ஓர் உண்டியல் உட்கார்ந்திருக்கிறது. வாடிக்கைக்காரர் தானே தட்டை எடுத்து, தானே கொண்டு போய்ப் போட்ட பிறகும் டிப்ஸ் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

பெரிய ஓட்டல்கள் வேறு வழியில் போயின. "சர்வீஸ் சார்ஜ்" என்று பில்லிலேயே ஒரு தொகையைச் சேர்த்தார்கள். அதன் மீது ஜி.எஸ்.டி.யும் கணக்கிடப்பட்டது. தானாக இத்தொகையைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் நெறிமுறை வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, கட்டாய சர்வீஸ் சார்ஜ் சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தார். விருப்பப்பட்டு டிப்ஸ் கொடுப்பதற்குத் தடை ஏதும் இல்லை என்பதும் அத்தீர்ப்பில் தெளிவு. கொடுப்பவரின் விருப்பம்தான் அங்கே எல்லைக்கோடு.

முதலிலேயே கேட்கும் காலம்

அந்தக் கோடு இப்போது தெருவில் அழிந்து வருகிறது. கைப்பேசி வழியாக ஆட்டோவோ காரோ கூப்பிடுகிறவர்களுக்கு இது தெரியும். மழை தூறும் மாலையில் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வாசலில் பெட்டியுடன் நிற்கிறார் ஒரு பயணி. "பத்து ரூபாய் சேர்க்கவும், இருபது சேர்க்கவும், முப்பது சேர்க்கவும்" என்று திரை காட்டுகிறது. சேர்த்தால் வண்டி சீக்கிரம் வருமாம். வண்டியையே இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, அதற்குள் டிப்ஸ்!

பெங்களூரில் 2025 ஆகஸ்டு 1 முதல் ஆட்டோ மீட்டர் கட்டணம் முதல் 2 கிலோ மீட்டருக்கு 36 ரூபாய், அதன்பின் கிலோ மீட்டருக்கு 18 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 4 கிலோ மீட்டர் தூரத்துக்கு 72 ரூபாய் ஆகிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு என்பதும் விதியில் உள்ளதுதான். இதற்கு மேல் முப்பது ரூபாய் முன்கூட்டிக் கேட்டால் அதற்குப் பெயர் டிப்ஸ் அல்ல, கூடுதல் கட்டணம். "கட்டணத்தை உயர்த்தியிருக்கிறோம்" என்று சொன்னால் போக்குவரத்து அதிகாரி கேள்வி கேட்பார். "டிப்ஸ்" என்று சொல்லிவிட்டால் கேள்வி இல்லை.

இந்த "முன்கூட்டிய டிப்ஸ்" விஷயத்தில் 2025 மே மாதம் ஊபர் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. சீக்கிரம் வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே டிப்ஸ் கொடு என்று பயணியைத் தூண்டுவது நியாயமற்றது என்று நுகர்வோர் துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி கூறினார். செய்த வேலைக்குப் பாராட்டாகவே டிப்ஸ் தரப்படுகிறது. அது உரிமையாகக் கேட்கக் கூடியது அல்ல என்பதே அவர் சொன்னதின் சாரம். அமைச்சர் சொன்னது ஓட்டல் தட்டுக் காலத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்த விஷயமே.

ரயிலிலும் இந்தப் பழக்கம் உண்டு. சதாப்தி போன்ற ரயில்களில் டிக்கெட்டுடன் உணவுக்கும் சேர்த்தே பணம் கட்டப்படுகிறது. இறங்கும் ஊர் நெருங்கும்போது ஒரு தட்டு வரிசையாக ஒவ்வோர் இருக்கைக்கும் நீட்டப்படுவதைப் பார்க்காத பயணிகள் குறைவு. முன் இருக்கைக்காரர் நூறு ரூபாய் போட்டால், பின் இருக்கையில் இருக்கும் பென்ஷன்காரர் பத்து ரூபாயைக் கையில் மடித்து மறைத்துக் கொண்டு தட்டில் வைக்கிறார். கொடுக்காதவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்.

கேட்பவர் யார்?

இதுவரை சொன்னது கொடுப்பவரின் குறை. கேட்பவரின் நிலையையும் பார்க்கவேண்டும். ஏனெனில் பெங்களூர்த் தமிழர்களில் இரண்டு வகையினரும் இருக்கிறார்கள். பல சமயம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001-ல் மூடப்பட்ட பிறகு, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் வந்து இரவில் திரும்புகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலையிலிருந்து வந்தவர்களும் ஏராளம். அண்ணன் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. தம்பி சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கும் வேலை. சிலிண்டர்காரருக்கு ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு அண்ணன் முணுமுணுக்கிறார். அன்று இரவு தம்பி வந்து, "நாலு மாடி ஏறினேன் அண்ணா, ஒரு பத்து ரூபாய் சேர்த்துக் கொடுக்க மனசு வரவில்லை" என்று புலம்புகிறான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

வீட்டுச் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ. இரும்பையும் சேர்த்தால் சுமார் 30 கிலோ. லிப்ட் இல்லாத வீடுகளில் அதைத் தோளில் சுமந்து ஏறுகிறவர் பெரும்பாலும் ஏஜென்சியின் நிரந்தர ஊழியர் அல்ல. பொட்டலம் கொண்டு போகும் இளைஞனோ, வண்டியும் பெட்ரோலும் கைப்பேசியும் தன் செலவில் போட்டுக் கொள்கிறான். வண்டி சறுக்கி விழுந்தால் அன்றைய வருமானம் இல்லை. இவர்களைப் "பிச்சை எடுக்கிறார்கள்" என்று ஏசுவது அநியாயம்.

ஆனால் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. சிலிண்டருக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் விலையிலேயே வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கும் கூலி அடங்கியிருக்கிறது. அதனால்தான் கிடங்குக்கே போய் எடுத்துக் கொள்கிறவருக்கு அத்தொகை கழித்துத் தரப்படவேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படியானால் வாடிக்கையாளர் ஏற்கெனவே கொடுத்துவிட்ட கூலி சுமந்தவரின் கைக்கு முழுதாக வந்து சேர்கிறதா? உணவு வரவழைக்கும்போதும் கொண்டு தரும் கட்டணம் என்று பில்லில் ஒரு தொகை இருக்கிறது. கேள்வி கேட்கவேண்டிய இடம் அதுதான். அதை விட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் படிக்கட்டில் நின்று ஒருவரையொருவர் முறைத்துக் கொள்கிறார்கள்.

இலாபம் யாருக்கு?

டிப்ஸ் பெருகப் பெருக முதலாளிக்கு வசதி. சம்பளம் உயர்த்து என்று கேட்டால், "மேலே வருகிறதே, போதாதா?" என்று பதில் சொல்லிவிடலாம். சம்பளமாக வரும் பணத்துக்குப் பிராவிடண்ட் பண்டு உண்டு, போனஸ் உண்டு, கிராஜுவிட்டி உண்டு. இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளிக்கு முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். கையில் வாங்கும் டிப்ஸுக்கு இவற்றில் எதுவும் கிடையாது. இருபது ஆண்டுகள் டிப்ஸ் வாங்கினாலும் அறுபது வயதில் அதிலிருந்து ஒரு காசு பென்ஷன் வராது. இந்தக் கணக்கு குமாஸ்தா அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். தம்பிக்கு அவர்தான் உட்கார வைத்துச் சொல்லித் தரவேண்டும்.

இப்படிப்பட்ட தொழிலாளர்களைச் சட்டம் இப்போதுதான் திரும்பிப் பார்க்கத் தொடங்கியுள்ளது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. இந்நிறுவனங்கள் ஆண்டு வியாபாரத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நல நிதிக்குச் செலுத்த அச்சட்டம் வழி செய்கிறது. கர்நாடக அரசும் 2025-ல் தனிச் சட்டம் கொண்டு வந்தது. தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையின் மீது 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக் கட்டணம் நிறுவனங்களிடம் வசூலிக்க அதில் இடம் இருக்கிறது. நிதி வந்தாலும் பதிவு செய்து கொண்டவர்களுக்கே பலன் கிடைக்கும். பத்து ரூபாய் டிப்ஸுக்காக மழையில் நிற்கும் தமிழ் இளைஞர்களில் எத்தனை பேர் இதற்காக ஒரு நாள் ஒதுக்குகிறார்கள்?

பயம் வந்தால் அது டிப்ஸ் அல்ல

"பத்து ரூபாயில் என்ன குறைந்துவிடப் போகிறது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வசதி உள்ளவருக்குக் குறையாதுதான். அவர் தாராளமாக நீட்டும் ஐம்பது ரூபாய் அடுத்த மாதம் அந்தத் தெருவின் நிர்ணய விலையாகிவிடுகிறது. அதைக் கொடுக்க இயலாத விதவைத் தாயின் வீட்டுக்குச் சிலிண்டர் நாலு நாள் தாமதமாக வருகிறது. ஆஸ்பத்திரியில் கை நீட்டியவருக்கு ஒன்றும் கொடுக்காத நோயாளியின் சக்கர நாற்காலி வராந்தாவிலேயே நிற்கிறது. அந்த இடத்தில் டிப்ஸ் என்ற சொல் பொருத்தமற்றது. கொடுக்காவிட்டால் வேலை நடக்காது என்ற பயம் வந்துவிட்டால் அது இலஞ்சத்தின் தம்பி. "மாமூல்" என்ற சொல்லுக்கே "வழக்கம்" என்றுதான் பொருள். வழக்கமாகிப் போனதால் அது எப்படிப்பட்ட சொல்லாக மாறியது என்பது எல்லோரும் அறிந்ததே.

ஆகவே சில பழக்கங்களை வீட்டுக்கு வீடு ஏற்படுத்திக் கொள்வது நல்லது. எதற்கும் ரசீது கேட்டு, அதில் உள்ள தொகையைக் கொடுக்கவேண்டும். வேலை முடிவதற்கு முன் யாருக்கும் மேல் காசு தரக் கூடாது. மாடி ஏறிச் சுமந்தவர், மழையில் நனைந்து வந்தவர் என்று மனம் இரங்கினால் கேட்பதற்கு முன்பே, உழைத்தவரின் கையிலேயே கொடுக்கவேண்டும். ஒரு குவளை தண்ணீரும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. மிரட்டி வாங்கினால் ஏஜென்சிக்கு எழுத்து மூலம் புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம்.

தமிழ் அமைப்புகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தொழிலாளர்கள் குடியிருக்கும் பேட்டைகள்தோறும் மன்றங்கள் இருக்கின்றன. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடும் அதே இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜை நாற்காலி போட்டு, நலத் திட்டங்களிலும், 2021-ல் தொடங்கிய மத்திய அரசின் இ-ஷ்ரம் பட்டியலிலும் இந்த இளைஞர்களின் பெயரைப் பதிவு செய்து கொடுக்கலாம். படிவம் நிரப்பத் தெரிந்த குமாஸ்தாக்கள் பெங்களூர்த் தமிழர்களிடையே ஏராளமாக இருக்கிறார்கள். தம்பிக்கு அண்ணன் கொடுக்கும் பத்து ரூபாய் அன்று இரவே செலவாகிவிடும். அவன் பெயரில் நிரப்பித் தரும் ஒரு படிவம், அவன் வண்டியிலிருந்து விழுந்து கிடக்கும் நாளில் உதவிக்கு வரும்.