ஸ்டெப்னியும் தொப்பையும்

கார் டயர் மாற்றுவதற்குப் பலத்தைவிட வரிசைதான் முக்கியம். விஜயபுரத்திலிருந்து நகரி போகும் உள்சாலையில் டயர் பஞ்சரானால், கடை தேடி நடப்பதைவிட டிக்கியைத் திறப்பது சுலபம். நகரி, புத்தூர் வழியாகப் போகும் சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் கடைகளுக்குக் குறைவில்லை, உரசிக்கொண்டு போகும் லாரிகளுக்கும் குறைவில்லை. எங்கே நின்றாலும் வண்டியைச் சாலையை விட்டு நன்றாக இறக்கிக் கெட்டித் தரையில் நிறுத்துவதுதான் முதல் வேலை. ஹேண்ட் பிரேக், முதல் கியர், மாற்றப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்துக்கு ஒரு கருங்கல் முட்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவர் பாட்டியாகவே இருந்தாலும் இறங்கத்தான் வேண்டும்.

பலரும் தப்புச் செய்வது அடுத்த கட்டத்தில். ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு நட்டைத் திருகினால் சக்கரம் கூடவே சுற்றும். வண்டி ஜாக்கியை விட்டு நழுவவும் கூடும். டயர் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். சிறிய கார்களில் நட்டு சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்கப்பட்டிருக்கும். டிக்கியில் கிடக்கும் ஸ்பேனர் 30 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அதன் முனையில் 35 கிலோ எடை அழுத்தினால் போதும். துருவேறிய நட்டு இன்னும் அதிகம் கேட்கும். ஆகவே கையால் மேலே இழுத்து மூச்சு வாங்காமல், ஸ்பேனரை நட்டின் இடப்பக்கம் படுக்கைவாட்டில் மாட்டி, உடம்பின் பாரத்தைக் கீழ்நோக்கிக் கொடுப்பதே முறை. தொப்பை உள்ளவருக்கு டயர் மாற்றுவதில் லாபமான கட்டம் இது ஒன்றுதான்.

நஷ்டம் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. ஜாக்கி வைக்கும் இடம் காரின் பக்கவாட்டு அடிவிளிம்பில், சக்கரத்துக்கு அருகே குறியிட்டு இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் குந்த வேண்டும். வயிறு தொடையில் முட்டினால் குந்த முடியாது. ஆள் இடுப்பை வளைத்தே சமாளிப்பார். டிக்கியின் அடியிலிருந்து ஸ்டெப்னியைத் தூக்குவதும் அதே வளைந்த முதுகோடுதான். வயிறு முன்னே இழுக்க, கீழ்முதுகுத் தசை பின்னே இழுத்துப் பிடிக்கும். எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதில் பேர்போன புத்தூர் கட்டு வைத்தியம் கூப்பிடு தூரத்தில் இருப்பது இந்த வட்டாரத்துக்கு அதிர்ஷ்டம்தான். ஆனால் முதுகுப் பிடிப்புக்கு மூங்கில் பத்தை உதவாது.

கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்கப் போட்டு வைப்பது நல்லது; ஜாக்கி சரிந்தாலும் வண்டி தரையில் மோதாது. ஸ்டெப்னியை உயர்த்த ஸ்பேனரையே அடியில் கொடுத்து நெம்பலாம். நட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு குறுக்குக் குறுக்காக இறுக்கி, வண்டியை இறக்கிய பின் கடைசி இறுக்கு. 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சோதிக்க வேண்டும். டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அந்தக் கிட்டால் பயனில்லை.

குந்தவிடாத அந்தத் தொப்பைக்கு வருவோம். அதில் இரண்டு வகைக் கொழுப்பு உண்டு. தோலுக்கு அடியில் இருப்பது கைக்குப் பிடிபடும். குடலையும் கல்லீரலையும் சூழ்ந்திருப்பது பிடிபடாது, ஆனால் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழிவிடுவது அதிகமாக அதுதான். இந்தியர்கள் ஒல்லியாக இருந்தே அதைச் சுமப்பவர்கள். 2004இல் ‘லான்செட்’ இதழில் புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யூட்கினும் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. வயதுவந்த இந்தியர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்னது.

வயிற்றை மட்டும் மடக்கி நீட்டும் பயிற்சி அடியில் உள்ள தசையை வலுவாக்கும். மேலே உள்ள கொழுப்பைக் குறிவைத்துக் கரைக்காது. கொழுப்பு வியர்வையாக வழிவதும் இல்லை. 10 கிலோ கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மிச்சம் நீராகிறது.

படியேறிக் கரைக்கலாம் என்றால், மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள், ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். 70 கிலோ ஆள் ஏறினால் சுமார் 500 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்பது கணக்கு. எனவே ஒரு நடை கரைப்பது 65 கிராம். மேலே கிடைக்கும் ஒற்றை லட்டு, கடலை மாவும் நெய்யும் சர்க்கரையுமாக, அந்த 500ஐத் தாண்டிவிடும். பெருமாளைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பத்துப் பேருக்குப் பங்கு வைக்கத்தான் லட்டு.

தினச் சோறுதான் பெரிய விஷயம். மொத்தச் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. நம் தட்டுகளில் அது 50 முதல் 70 வரை இருக்கிறது. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும் இடத்தில் பயறோ முட்டையோ காயோ வந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு வாரம் 150 நிமிடமாவது வேக நடை.

அளப்பதற்குப் பேண்ட் சைஸ் உதவாது. தொப்பைக்குக் கீழே இறங்கிய பேண்ட் எத்தனை வருடமானாலும் 34 என்றே சொல்லும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் நாடாவைச் சுற்ற வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது இந்திய எல்லை. எடை குறையத் தொடங்கும்போது குடலைச் சுற்றிய கொழுப்பு வேகமாகக் கரையும். எடை மெஷினில் பெரிய மாற்றம் தெரியாத வாரங்களிலும் நாடாவில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கலாம்.