கட்டற்ற மென்பொருளும் தமிழுரையும்

தமிழ் நூல்களைக் கற்பார் எவரும் உரையாசிரியர்களை மறத்தல் இயலாது. தொல்காப்பியம் ஏட்டில் இருந்தது. எனினும் அதன் பொருளை நமக்கு விளங்கச் செய்தவர் இளம்பூரணர் முதலிய உரையாசிரியரே. அந்நூல் முழுமைக்கும் முதற்கண் உரை கண்டவர் ஆதலின், இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்னும் பொதுப்பெயராலேயே பின்னோர் சிறப்பித்து வழங்கினர். நன்னூலின் வரலாறோ இன்னும் சுவையுடையது. பவணந்தி முனிவர் நூல் செய்தார். மயிலைநாதர் உரை வகுத்தார். பின்னர்ச் சங்கரநமச்சிவாயர் விரிவான உரையொன்று இயற்றினார். அவ்வுரையைச் சிவஞான முனிவர் திருத்திப் புதுக்கினார். கடந்த நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மாணவர்க்கென்றே சுருங்கிய காண்டிகையுரை எழுதினார். ஒருவர் செய்ததனை மற்றொருவர் எடுத்து, ஆராய்ந்து, திருத்திப் பிறர்க்கு வழங்கினார். அவ்வாறு திருத்துதற்கு எவரும் தடை கூறவில்லை.

இதே முறை இக்காலக் கணினித் துறையிலும் நடைபெறுகின்றது என்றால் மாணவர் வியப்புறலாம்.

கணினிக்கு நாம் இடும் ஆணைகளின் தொகுதியே மென்பொருள். நிரல் எழுதுவோர் தாம் படித்து உணரத்தக்க வடிவில் முதலில் அதனை எழுதுவர். அதற்கு மூலநிரல் என்று பெயர். அதனைப் பொறிக்கு மட்டுமே விளங்கும் எண்வரிசையாக மாற்றிய பின்னர், மூலத்தை மறைத்து வைத்துக்கொண்டு, அவ்வெண்வரிசையை மட்டும் விற்பது பல நிறுவனங்களின் வழக்கம். இதனால் விளையும் இடர் யாது? எங்கள் சேரம்பாடியைச் சூழ்ந்த தேயிலைத் தொழிற்சாலைகளை நோக்குங்கள். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தின் உருளைகளில் பற்கள் உண்டு. அவை தேய்ந்தால் உருளையைக் கழற்றிக் கூர் தீட்டுவர். 'இயந்திரத்தை நீ திறத்தல் கூடாது; விற்றவனே திறப்பான்; உள்ளே இருப்பது யாது என்றும் கேளாதே' என்று ஒரு கட்டளை இருக்குமாயின், பறித்த இலையெல்லாம் குவிந்து கெடும் அன்றோ! மூலத்தைப் பூட்டிய மென்பொருளை வாங்கியவர் நிலை இதுவே.

இப்பூட்டினை எதிர்த்தவர் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர். அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் பணியாற்றிய ஆய்வுக்கூடத்திற்குப் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கி நின்றால் அதனை அப்பொறி உடனே அறிவிக்குமாறு நிரலைத் திருத்த அவர் விரும்பினார். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. சிறிய நிகழ்ச்சிதான்; ஆயினும் அதன் விளைவு பெரிது. 1983 ஆம் ஆண்டில் அவர் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்கவும், அதன் உள்ளமைப்பைக் கற்றுத் திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்குக் கொடுக்கவும், திருத்திய வடிவத்தையும் கொடுக்கவும் யாவர்க்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1989 இல் வெளிவந்த பொது உரிமம் இவ்வுரிமைகளைச் சட்டத்தின் துணைகொண்டு காத்தது. 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் உட்கருவாகிய லினக்ஸை வெளியிட்டுப் பின்னர் அதனையும் அவ்வுரிமத்தின்கீழ் வழங்கினார். இன்று உலகத்தின் பெருங்கணினிகளும் கைப்பேசிகளுட் பெரும்பாலனவும் லினக்ஸைக் கொண்டே இயங்குகின்றன.

இத்தகைய மென்பொருளைத் தமிழர் 'கட்டற்ற மென்பொருள்' என்றும் 'திறமூல மென்பொருள்' என்றும் வழங்குகின்றனர். திறமூலம் என்பது வினைத்தொகை. திறந்த மூலம், திறக்கின்ற மூலம், திறக்கும் மூலம் என முக்காலமும் அதனுள் அடங்கும். தமிழ் வினைப்பகுதியோடு வடசொல் வந்து சேர்ந்தது என்று குறை கூறுவாரும் உளர். யான் குறை கூறேன். பொருள் அத்துணைப் பொருத்தமாக அமைந்துள்ளது. 'கட்டற்ற' என்னும் சொல்லோ அதனினும் சிறந்தது. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குதலால், அவர்கள் ஒவ்வொரு முறையும் விளக்கம் கூற நேர்கின்றது. நமக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. லினக்ஸைப் பலர் கூடித் திருத்தி வந்த காலத்தில், திருத்தங்களைத் தொகுத்தற்குப் பிட்கீப்பர் என்னும் வணிகக் கருவியைப் பயன்படுத்தினர். உடையவர் அதனை அவர்களுக்கு விலையின்றிக் கொடுத்திருந்தார். 2005 இல் அச்சலுகையை நிறுத்திக்கொண்டார். கொடுத்தவர் கை மடங்கியதும் பணி தடுமாறியது. டோர்வால்ட்ஸ் அவ்வாண்டிலேயே 'கிட்' என்னும் கருவியைத் தாமே ஆக்கத் தொடங்கி, மூலத்தோடு உலகிற்கு வழங்கினார். எவர், எந்நாளில், எந்த வரியை, எவ்வாறு மாற்றினார் என்பதனை ஒன்றும் விடாமல் குறித்து வைப்பது அக்கருவியின் தொழில். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் கைவருந்தக் குறித்த உ. வே. சாமிநாதையர் இதனைக் கண்டிருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பார்!

நம் மாநில அரசு 2011 இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. வணிக இயங்குதளத்தோடு, நம் நாட்டு அரசு நிறுவனமாகிய சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் வகையும் அவற்றில் இடம்பெற்றது. ஏழை வீட்டிற்குக் கணினி வந்தது பெரும்பேறு. அதனை எவரும் மறுக்கார். ஆயினும் கட்டற்ற பகுதி ஒன்று அதனுள் இருப்பதனை உணர்ந்து, அதனைத் திறந்து கற்ற மாணவர் எத்துணையர்? வழிகாட்டுவார் இல்லாத அறைக்குள் சிறுவர் தாமே புகுவர் என்று எதிர்பார்த்தல் முறையன்று.

இவ்விடத்தில்தான் உரையின் தேவை தோன்றுகின்றது. மூலம் திறந்திருத்தல் பாதி வேலையே. அதனைக் கற்பிக்கும் பாடங்களும் கையேடுகளும் மாணவர் அறிந்த மொழியில் இல்லையெனின், திறந்த கதவும் அவர்க்கு அடைத்த கதவே.

சேரம்பாடி நீலகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையில் உள்ளது. சோலாடியைக் கடந்தால் கேரள நாட்டு வயநாடு. இங்குள்ள குடும்பங்களுட் பல, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையினின்று திரும்பி, அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் வழியினர். இருமுறை கடல் கடந்தும் அவர்கள் தமிழை விட்டாரல்லர். அவர்தம் மக்கள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியே கற்கின்றனர். மேல்நிலை வகுப்பில் பைத்தான் என்னும் கணினிமொழியையும் தமிழ்ப் பாடநூல் கொண்டே பயில்கின்றனர். தேர்வு முடிந்தபின் மேலும் கற்க விழைந்தால், கருவிகளின் கையேடுகளுட் பெரும்பாலன ஆங்கிலத்தில் எதிர்நிற்கின்றன. அறிவுக் குறைவினால் அன்று, மொழித்தடையினாலேயே அம்மாணவர் நின்றுவிடுகின்றனர். எல்லைக்கு அப்பால் கேரள அரசோ, பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருள் வழியாகவே நடத்தி, ஆசிரியர்க்குப் பயிற்சியும் மலையாளத்தில் பாடநூலும் அளித்து வருகின்றது. அண்டை வீட்டாரைக் கண்டு நாணுதலும் சிற்சில வேளைகளில் நன்மை தரும்.

'கணினிக்கு ஆங்கிலம் இன்றியமையாதது, தமிழுரை எதற்கு?' என்று வினவுவோர் உண்டு. அவர்களை ஒன்று கேட்பேன். பைத்தான் மொழிக்கென ஒதுக்கப்பெற்ற ஆங்கிலச் சொற்கள் எத்தனை? முப்பத்தைந்து. பதினைந்து நாளில் ஒரு சிறுமி அவற்றை மனப்பாடம் செய்துவிடுவாள். ஆங்கிலப் புலமை வேண்டப்படுவது நிரல் எழுதுதற்கு அன்று. நிரலைக் கற்பிக்கும் உரையைப் படித்தற்கே. அவ்வுரையைத் தமிழில் தந்துவிட்டால் தடை நீங்கிற்று. அம்மொழிக்குரிய கையேட்டைச் சப்பானியரும் கொரியரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் மொழியில் பெயர்த்து வைத்துக்கொண்டுள்ளனர். அவர்கள் கணினித் தொழிலில் பின்தங்கியவர் என்று எவரும் கூறார்.

நிரலின் சொற்களையே தமிழாக்கியவரும் உளர். முத்தையா அண்ணாமலை என்பவர் 'எழில்' என்னும் கணினிமொழியை அமைத்து, 2009 இல் அதுபற்றி ஆய்வுரை வெளியிட்டார். அதில் 'பதிப்பி' என்றால் கணினி எழுதிக் காட்டும். ஆங்கில முறையில் நிபந்தனைச் சொல் முன்னும் நிபந்தனை பின்னும் வரும். எழிலில் நிபந்தனை முன்வர, 'ஆனால்' என்னும் சொல் பின்வரும். இது தமிழ்த் தொடரின் இயல்பறிந்து செய்த வேலை. 'ஆயின்' என்றிருப்பின் என் செவிக்கு இன்னும் இனிதாகும்; அது நிற்க. தொடக்கநிலை மாணவர்க்கு எழில் தக்க துணை. பிழைப்புக்குக் கற்போர் பின்னர்ப் பைத்தான் முதலியவற்றிற்குச் செல்லவே வேண்டும். ஆதலின் பெருந்தேவை உரையே என்பது என் துணிபு.

அவ்வுரைப்பணி தொடங்காமல் இல்லை. 2012 இல் தோன்றிய 'கணியம்' என்னும் இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் வெளியிட்டது. அவற்றைப் படியெடுத்துப் பரப்பவும் உரிமை அளித்தது. 'எளிய தமிழில்' என்னும் தொடக்கத்தோடு து. நித்யா எழுதிய நூல்கள் லினக்ஸ் முதலியவற்றை ஆற்றொழுக்காக விளக்குகின்றன. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நடத்தும் ஒலி-ஒளிப் பாடங்களில் திரையிலுள்ளது ஆங்கிலமாகவே இருக்க, ஆசிரியர் குரல் மட்டும் தமிழில் ஒலிக்கும். கருவியில் மாணவர் காணப்போவது அவ்வாங்கிலச் சொற்களையே ஆதலின், இம்முறை ஏற்புடையது.

மழைக்காலத்தில் இம்மலையில் மின்சாரமும் இணையமும் அடிக்கடி அறும். கட்டற்ற மென்பொருளையும் அதன் உரையையும் ஒருமுறை பெற்றுவிட்டால் சிறு பேனா அளவுள்ள நினைவகத்தில் வைத்து வீடுதோறும் கொண்டு செல்லலாம். நண்பனுக்குப் படியெடுத்துக் கொடுத்தல் அங்கே குற்றமன்று, உரிமை. வணிக மென்பொருளைக் கள்ளத்தனமாகப் படியெடுத்து மாணவர்க்குக் கற்பிக்கும் இடங்களும் உண்டு. அவ்வகுப்பில் மாணவன் முதலில் கற்பது களவையே.

'இனி இயந்திரமே மொழிபெயர்த்துவிடும்' என்பர் சிலர். பெயர்க்கட்டும். சொல்லுக்குச் சொல் வைத்தல் உரையாகாது. ஒரே நேரத்தில் நடைபெறும் பணியிழை ஒன்றனை 'நூல்' என்று அது பெயர்க்குமாயின், மாணவன் ஏட்டு நூலை நினைப்பானா, பருத்தி நூலை நினைப்பானா? மாணவனுக்கு எவ்விடத்தில் ஐயம் தோன்றும் என்பதனை முன்னரே உணர்ந்து விளக்குபவரே உரையாசிரியர். கலைச்சொல்லிலும் கருத்து வேண்டும். ஒருவர் 'செயற்கூறு' என்பதனை மற்றொருவர் 'நிரல்பாகம்' என்கின்றார். இரண்டும் நல்ல சொற்களே. ஒரே நூலில் இரண்டும் கலந்து வருதல்தான் கேடு.

எடுத்துக்காட்டுகளும் மாணவர் வாழ்விலிருந்து வரல் வேண்டும். சேரம்பாடி மாணவர்க்கு யான் கேட்கும் முதற்பாடம் இது. ஒரு பெண்மணி நாள்தோறும் பறித்த இலையின் நிறையைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கின்றார். சாக்கின் நிறையைக் கழிக்க வேண்டும். மழை நாளாயின் ஈரத்திற்கும் கழிக்க வேண்டும். குறித்த அளவிற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்கூலி சேர்க்க வேண்டும். இம்மூன்று நிபந்தனைகளையும் இருபது வரி நிரலில் அடக்கலாம். மாதமுடிவில் அவர் மகள் அந்நிரலை இயக்கி, வரும் தொகையைக் கூலிச்சீட்டில் உள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.