நீல முட்டையும் காதுக் குஞ்சமும்

கோழி வளர்ப்பில் இனத் தர வரையறை என்பது, ஓர் இனத்துக் கோழியின் கொண்டை, அலகு, இறகு, கால் ஆகியவை எந்த வடிவத்திலும் நிறத்திலும் அமைய வேண்டும், சேவலும் பெட்டையும் எவ்வளவு எடை இருக்கலாம், எந்தக் குறை காணப்பட்டால் போட்டியிலிருந்து நீக்கப்படும் என்பனவற்றை எழுத்தில் வகுத்துத் தரும் விதித்தொகுப்பாகும். பிரிட்டனில் 1835-இல் சேவற்சண்டை சட்டத்தால் தடுக்கப்பட்ட பிறகு, வளர்ப்போரின் போட்டியுணர்வு சண்டைக் களத்தை விட்டுக் கண்காட்சிக் கூண்டுகளின் பக்கம் திரும்பியது. நடுவர்கள் ஒரே அளவுகோலைக் கொண்டு மதிப்பிட வேண்டிய தேவை எழுந்ததால், அங்கு 1865-இலும் அமெரிக்காவில் 1874-இலும் இத்தகைய முதல் தொகுப்புகள் அச்சேறின. பல பழைய இனங்கள் அடையாளம் மாறாமல் இன்றும் எஞ்சியிருப்பதற்கு இந்நூல்கள் பெரிதும் காரணம் என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அவற்றை எழுதியோர் கண்ணால் கண்டதையே எழுதினர்; அந்தத் தோற்றத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவது எது என்ற அறிவு 1900-க்குப் பின்னரே வந்து சேர்ந்தது. இந்த இடைவெளியால் விளைந்த துன்பம் கோழிகளின் தலையில்தான் விழுந்திருக்கிறது.

இறகு நிறத்தில் அது வெறும் அலைச்சலாகவே முடிகிறது. ஸ்பெயினைத் தாயகமாகக் கொண்ட ஆண்டலூசியன் கோழிக்கு வரையறை விதிப்பது, கருவிளிம்பு கொண்ட சாம்பல்நீல இறகு. ஆனால் கருமையை வெளுக்கச் செய்யும் மரபணு ஒன்று, தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் வரும்போதே அந்த நீலம் தோன்றும். ஆகவே நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் இணைத்தால், குஞ்சுகளில் சராசரியாகப் பாதி மட்டுமே நீலமாகவும், கால்பங்கு கருப்பாகவும், கால்பங்கு நீலத்திட்டுகள் தெளித்த வெண்மையாகவும் பிறக்கும். எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. வரையறைக்கு ஒவ்வாத கருப்பையும் வெண்மையையும் இணைத்தாலோ குஞ்சுகள் அனைத்தும் நீலமாகவே வருகின்றன. பிளைமவுத் ராக் கோழியின் கருப்பு வெள்ளை வரிகளிலும் இதே சிக்கல் உண்டு. வரியைத் தரும் மரபணு பால்நிர்ணயக் குரோமோசோமில் இருப்பதால், சேவல் அதை இரட்டையாகவும் பெட்டை ஒற்றையாகவும் பெறுகின்றன. சேவல் இயல்பாகவே வெளிறியும் பெட்டை கருத்தும் தோன்ற, வரையறையோ இரண்டும் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்றது. அதற்காக வளர்ப்போர் காட்சிச் சேவலுக்கு ஒரு வழியும் காட்சிப் பெட்டைக்கு வேறொரு வழியுமாக இரண்டு தனிக் குடும்பங்களைப் பராமரித்தனர்.

உயிரோடு தொடர்புடைய சிக்கல் அராகானா இனத்தில்தான் எழுகிறது. தென் சிலியின் மாப்புசே பழங்குடியினரிடம் நீல முட்டையிடும் கோழிகள் இருப்பதை ஸ்பானிய கோழியியல் அறிஞர் சால்வடோர் காஸ்தெல்யோ 1914-இல் கண்டு, 1921-இல் ஹேக் நகரில் கூடிய முதல் உலகக் கோழி மாநாட்டில் எடுத்துரைத்தார். அவற்றைத் தனிச் சிற்றினம் என்று அவர் கருதியது பிழை; உண்மையில் அவர் கண்டவை, நீல முட்டையிடும் வாலில்லாக் கோழியையும் காதருகே இறகுக் குஞ்சம் கொண்ட கோழியையும் கலந்து சிலி நாட்டு வளர்ப்பாளர் ஒருவர் உருவாக்கியவை. ஆகவே முட்டையின் நீலம், வாலின்மை, காதுக் குஞ்சம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சாராத தனித்தனிப் பண்புகள்.

நீலத்தைப் பற்றிய அறிவியல் மிகவும் வளமானது. இந்நிறம் ஒரே ஓர் ஓங்கு மரபணுவால், அதாவது பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் மரபணுவால், அமைவது என்பதைக் கேம்பிரிட்ஜ் மரபியலாளர் ரெஜினால்டு பன்னெட் 1933-இல் நிறுவினார். அந்த மரபணு எவ்வாறு தோன்றியது என்பதை 2013-இல் வெளியான ஆய்வுகள் விளக்கின: பண்டைக் காலத்தில் ஒரு ரெட்ரோவைரஸ், அதாவது தன் மரபுப்பொருளை விலங்கின் குரோமோசோமிலேயே பதித்துவிடும் வைரஸ், கோழியின் முதல் குரோமோசோமில் புகுந்து, அருகிலிருந்த மரபணு ஒன்றை ஓடு சுரக்கும் உறுப்பிலும் இயங்கச் செய்தது, அதனால் பிலிவெர்டின் என்னும் பித்த நிறமி ஓட்டில் படிகிறது. சீனாவின் நீல முட்டைக் கோழிகளிலும் இதே நிகழ்வு தனியாக நடந்துள்ளது. பழுப்பு நிறமி ஓடு உருவாகி முடியும் தறுவாயில் பெரும்பாலும் மேற்பரப்பில் பூசப்படுவது. நீலமோ ஓட்டின் முழுக் கனத்திலும் ஊறியிருப்பது. ஆகவேதான் நீல முட்டையை உடைத்தால் உட்புறமும் நீலமாகத் தெரிகிறது. நீல ஓட்டின்மேல் பழுப்பு படிந்தால் முட்டை பச்சையாகிறது. சத்தில் இவற்றுக்குள் வேறுபாடு எதுவும் இல்லை.

முட்டை நிறத்தைப் பேணுவோருக்குச் சேவல் ஒரு புதிர், ஏனெனில் அது முட்டையிடுவதில்லை. இங்கே இயற்கையே ஒரு குறிப்பைத் தந்திருக்கிறது. இந்தியாவின் அசீல் சேவல்களிடமும் காணப்படும், மூன்று சிறு முகடுகளாகத் தாழ்ந்து அமையும் பட்டாணிக் கொண்டைக்கான மரபணு, நீலத்துக்கான மரபணுவுக்கு மிக அருகில் அதே குரோமோசோமில் அமைந்துள்ளது. அருகருகே உள்ள மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே கடத்தப்படுவதால், அராகானாவை ஒற்றைக் கொண்டைக் கோழியுடன் கலந்து, பிறந்த கலப்புச் சேவலை மீண்டும் ஒற்றைக் கொண்டைக் கோழியுடன் இணைக்கும்போது, பட்டாணிக் கொண்டையுள்ள குஞ்சுகளே நீலத்தையும் பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். வரையறையிலுள்ள கொண்டை பற்றிய வரி, இந்த இடத்தில் வளர்ப்பவருக்கு உண்மையாகவே கைகொடுக்கிறது.

காதுக் குஞ்சம் அத்தகையதன்று. கரு வளரும்போது செவிப்பகுதி முறையாக மூடிக்கொள்ளாததால் உண்டாகும் தோல் மடிப்பிலிருந்து முளைக்கும் இறகுகளே குஞ்சமாகத் தெரிகின்றன. இதற்கான மரபணு ஒற்றையாக இருந்தால் குஞ்சம் தோன்றும். இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் கரு, 21 நாள் அடைக்காலத்தின் கடைசி நாட்களில் ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும். இதனையே கொல்லி மரபணு என்பர். குஞ்சமுள்ள இரு கோழிகளை இணைத்தால் கருக்களில் சராசரியாகக் கால்பங்கு இவ்வாறு மடிகிறது. ஒற்றையாகப் பெற்றவற்றிலும் ஒரு பகுதி பொரிக்காமல் போகிறது. அமெரிக்க வரையறை 1976-இல் அராகானாவை ஏற்றபோது, வாலின்மையோடு இருபுறக் குஞ்சத்தையும் அடையாளமாகக் கோரியது. வாலும் தாடியும் கொண்ட, குஞ்சமற்ற நீல முட்டைக் கோழி அமெராகானா என்ற பெயரில் 1984-இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. நீல முட்டைக்காக ஒரு குஞ்சும் சாக வேண்டியதில்லை என்பதற்கு அந்த இனமே சான்று.

அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் குஞ்சமுள்ள கோழியைக் குஞ்சமில்லாததுடனேயே இணைக்கின்றனர்; அப்போது இரட்டை மரபணு பெற்ற கரு உருவாக வழியில்லை, குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி குஞ்சத்தோடு பிறக்கும். எனவே குஞ்சமில்லாத அராகானா கழித்துவிடத்தக்க பறவையன்று. இனத்தை உயிரோடு காப்பதே அதுதான். அழகென்று ஒரு தோற்றத்தை விரும்புவது குற்றமில்லை, ஆனால் எத்தனை கருக்கள் மடிகின்றன என்று அறிந்த பின்னும் அந்தத் தோற்றத்தை மட்டுமே பரிசுக்குரியதாக வைத்திருப்பது நியாயமாகாது. வரையறை நூல்கள் மாற்றக் கூடாதவையும் அல்ல. அமெரிக்க நூல் 1874 முதல் பலமுறை திருத்தி அச்சிடப்பட்டிருக்கிறது. குஞ்சமில்லாத அராகானாவையும் குறையற்ற பறவையாக ஏற்கும் ஒரு வரியை அதன் அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டும்.