உங்கள் பணமும் இதில் இருக்கிறதா?

"பணத்தைத் தாருங்கள், பெருக்கித் தருகிறேன்" என்று வருபவரிடம் நமது வர்த்தகர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வீதம் தருவீர்கள்?" என்பதையே. கேட்க வேண்டியது வேறு என்பதை இந்திய நிதி முகாமையாளர் பராக் பரீக்கின் வாழ்க்கை காட்டுகிறது.

மும்பாயில் பங்குத் தரகராக இருந்த அவர், 1992இல் சொந்த நிறுவனம் அமைத்தார். 2013இல் பொதுமக்களின் சேமிப்பைத் திரட்டிப் பங்குகளில் இடும் நிதியமொன்றை ஆரம்பித்தார். ஏனைய நிறுவனங்கள் திட்டத்துக்கு மேல் திட்டம் விற்றபோது, இவரது நிறுவனம் 2018 வரை ஒரேயொரு நிதியத்தையே நடத்தியது. உரிமையாளர்களும் ஊழியர்களும் தமது பணத்தையும் அதிலேயே இட்டனர். அத்தொகையைப் பகிரங்கமாகவும் அறிவித்தனர்.

2015 மே மாதம் அமெரிக்காவின் ஒமாஹாவில் நடந்த வீதி விபத்தில் பரீக் காலமானார். ஆனால் நிதியம் தளரவில்லை. 2025இல் அதன் சொத்து ஒரு இலட்சம் கோடி இந்திய ரூபாவைத் தாண்டியது.

வட்டி வங்கிகளின் பங்குகளும் அதில் உண்டு. ஆகவே அங்கே முதலிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும், இலாபத்திலும் நட்டத்திலும் கூட்டு என்பது முஷாரகா நமக்குக் கற்றுத்தந்த பாடமல்லவா?

இனி யாரேனும் முதலீடு கேட்டு வந்தால், "உங்கள் பணம் இதில் எவ்வளவு?" என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் காசோலைப் புத்தகத்தை மூடிவிடுங்கள்.