எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும்?

கல்லூரி வாழ்க்கை இனிமையானது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அது உண்மைதான். வீட்டை விட்டு வெளியே வந்து, புது மனிதர்களோடு பழகி, சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொள்ளும் பருவம் அது.

அந்தப் பருவத்துக்கு ஒரு பயமும் உண்டு. "என்னை யாருக்காவது பிடிக்குமா? எனக்கு நண்பர்கள் கிடைப்பார்களா? மற்றவர்களைப் போல நானும் இருக்கிறேனா?" இந்தக் கேள்விகள் எழாத மாணவரும் இல்லை, மாணவியும் இல்லை.

முன்பெல்லாம் இதற்கு விடை, வகுப்பிலும் விடுதியிலும் டீக்கடையிலும் கிடைத்தது. இப்பொழுது செல்போனில் தேடுகிறார்கள். அங்கே கிடைப்பது சரியான விடையா?

இது தெரிய வேண்டுமானால், 20 ஆண்டுகளுக்கு மேல் பின்னே போக வேண்டும். அமெரிக்காவில் ஒரு மாணவர் விடுதிக்குப் போக வேண்டும். இன்று உலகமே புரட்டிப் பார்க்கும் பேஸ்புக் பிறந்த இடம் அதுதான்.

முகம் காட்டும் புத்தகம்

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1636-ம் ஆண்டு தொடங்கியது. அமெரிக்காவிலேயே பழமையானது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாணவர்களின் படத்தையும் பெயரையும் ஒன்றாகத் தொகுத்து வைப்பார்கள். அதற்கு "பேஸ் புக்" என்று பெயர். பேஸ் என்றால் முகம். புக் என்றால் புத்தகம். அடுத்த அறையில் இருப்பவர் யார், அவர் பெயர் என்ன என்று தெரிந்துகொள்ள அது உதவியது.

2003-ம் ஆண்டு, மார்க் சுக்கர்பெர்க் என்ற 19 வயது மாணவர் ஒரு காரியம் செய்தார். விடுதிகளின் கம்ப்யூட்டர்களில் இருந்த மாணவர் படங்களை அனுமதி இல்லாமல் எடுத்தார். இரண்டு இரண்டு படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இந்த இருவரில் யார் அழகு?" என்று கேட்டார். அதற்கு "பேஸ்மாஷ்" என்று பெயர் வைத்தார்.

மாணவர் அமைப்புகள் கண்டித்தன. சில நாட்களில் அது மூடப்பட்டது. பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியது. சுக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார். கல்லூரியில் இருந்து அவர் நீக்கப்படவில்லை.

2004 பிப்ரவரி 4-ந் தேதி, அதே மாணவர் தோழர்களோடு சேர்ந்து "தி பேஸ்புக்" என்பதைத் தொடங்கினார். இந்த முறை யாருடைய படத்தையும் எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. மாணவர்களே தங்கள் படத்தைக் கொண்டு வந்து கொடுத்தார்கள்! ஒரே மாதத்தில், ஹார்வர்டில் இளநிலைப் பட்டம் படித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

அடுத்து கொலம்பியா, ஸ்டான்போர்டு, யேல் பல்கலைக்கழகங்கள். பிறகு கல்லூரி கல்லூரியாகப் பரவியது. அந்த ஆண்டு முடிவதற்குள் 10 லட்சம் பேர் சேர்ந்தார்கள். 2006 செப்டம்பர் 26-ந் தேதி முதல், 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்று கதவு திறந்தது. அதன் பிறகுதான் நம் ஊர் வீடுகளுக்கும் அது வந்தது.

எதிர்த்தவர்கள் மாணவர்கள்

அதே 2006 செப்டம்பரில் ஒரு சம்பவம் நடந்தது. பலர் அதை மறந்துவிட்டார்கள்.

அதுவரை, நண்பர் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டுமானால் அவருடைய பக்கத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒருவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவது மாதிரி. செப்டம்பர் 5-ந் தேதி அது மாறியது. எல்லா நண்பர்களின் சேதியும், கேட்காமலே, ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழத் தொடங்கியது. அதற்கு "நியூஸ் பீட்" என்று பெயர். யார் யாரைக் காதலிக்கிறார், யாருடைய காதல் முறிந்தது என்ற சேதியும் அதிலே வந்தது.

மாணவர்கள் கொதித்தார்கள். "எங்கள் வாழ்க்கையை ஏன் தண்டோரா போடுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். பேஸ்புக்குக்கு உள்ளேயே எதிர்ப்புக் குழு தொடங்கினார்கள். சில நாட்களில் பல லட்சம் பேர் சேர்ந்தார்கள்.

சுக்கர்பெர்க் வருத்தம் தெரிவித்தார். தன் சேதி யார் கண்ணில் படலாம் என்று அவரவரே முடிவு செய்ய வசதி கொடுத்தார். ஆனால் சேதி வந்து விழுவது நிற்கவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை. எதிர்ப்புக் குழு அத்தனை வேகமாக வளர்ந்ததற்குக் காரணமே, வந்து விழுந்த அந்தச் சேதிகள்தான்! "உன் நண்பன் சேர்ந்துவிட்டான்" என்று அது சொல்ல, அடுத்தவனும் சேர்ந்தான். எதை எதிர்த்தார்களோ, அதுவே எதிர்ப்பையும் வளர்த்தது. அதன் பலம் அன்றே தெரிந்துவிட்டது.

2009-ம் ஆண்டு "லைக்" பொத்தான் வந்தது. ஒருவர் படத்தை எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். பழகிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிரியத்துக்கும் கணக்கு வந்துவிட்டது.

ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது?

பேஸ்புக் ஒரே நாளில் எல்லாக் கல்லூரிக்கும் போகவில்லை. ஒரு கல்லூரிக்கு முன்னே போனது. இன்னொன்றுக்குப் பின்னே போனது. இது ஆராய்ச்சிக்காரர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. வந்த கல்லூரியையும், இன்னும் வராத கல்லூரியையும் வைத்துப் பார்க்கலாம் அல்லவா?

லூகா பிராகியேரி, ரோயி லெவி, அலெக்சி மகாரின் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அப்படிப் பார்த்தார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில், மாணவர்களின் உடல்நலம், மனநலம் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடப்பது உண்டு. அதிலே 4 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் தந்த பதில்களை எடுத்து, பேஸ்புக் வந்த தேதியோடு பொருத்திப் பார்த்தார்கள். 2022-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்.

பேஸ்புக் நுழைந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் குறைந்தது. மனம் சரியில்லாததால் படிப்புக் கெட்டது என்று சொன்னவர்களும் கூடினார்கள்.

ஏன் இப்படி? அதற்கும் காரணம் தேடினார்கள். ஒருவர் தம்மை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தாழ்வாக நினைத்ததுதான் காரணமாகத் தெரிந்தது. கல்லூரி விடுதியில் இல்லாமல் வெளியே தங்கிப் படித்தவர்களை, கூட்டாளிகள் குறைவாக உள்ளவர்களை அது அதிகம் வாட்டியது.

குடிப் பழக்கம் பற்றிய பதில் ஒன்று கவனிக்கத்தக்கது. பேஸ்புக் வந்த பிறகு மாணவர்கள் முன்னைவிட அதிகமாகக் குடிக்கவில்லை. ஆனால் "மற்ற மாணவர்கள் நிறையக் குடிக்கிறார்கள்" என்று நினைப்பது கூடியது. விருந்தும் கூத்துமாக வந்த படங்களைப் பார்த்து, ஊரெல்லாம் கொண்டாட்டம், நாம் மட்டும் தனி என்று முடிவு கட்டிவிட்டார்கள்!

ஜவுளிக் கடைப் பொம்மை

ஜவுளிக் கடை வாசலில் பொம்மைக்குப் பட்டுப் புடவை கட்டி நிறுத்தியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கடைக்காரர் வீட்டில் எல்லோரும் எந்நேரமும் பட்டுதான் கட்டுவார்கள்" என்று யாரும் நினைப்பதில்லை. அது விற்பனைக்கு வைத்த பொம்மை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

செல்போன் படத்தைப் பார்க்கும்போது மட்டும் இந்த அறிவு மறந்துபோகிறது.

சுற்றுலா போன இடத்தில் பத்துப் படம் எடுத்து, நன்றாக இருக்கும் ஒன்றைப் போடுகிறார்கள். தேர்வில் தவறிய பாடத்தைப் படம் எடுத்துப் போடுகிறவர் உண்டா? விடுதிக் கட்டணம் கட்ட அப்பா கடன் வாங்கியதைப் போடுகிறவர் உண்டா? முதல் வாரம் அம்மாவை நினைத்துப் போர்வைக்குள் அழுததைப் போடுகிறவர் உண்டா?

அதைப் பார்க்கும் மாணவி தன் கண்ணீரையும் அடுத்தவளின் சிரிப்பையும் தராசில் வைக்கிறாள். தராசு எந்தப் பக்கம் சாயும்? சாய்ந்துதான் போகும். அந்த அடுத்தவளும் தன் அறையில் உட்கார்ந்து இதே தராசைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இக்கரைக்கு அக்கரை பச்சை. முன்பு அக்கரை தூரத்தில் இருந்தது. இப்பொழுது அது சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. எழுந்தவுடன் தெரிகிறது, தூங்கும் வரை தெரிகிறது.

அரை மணி நேரம் போதும்

இதற்கு என்ன வழி?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. 2018-ம் ஆண்டு அதன் முடிவு வெளியானது. 143 மாணவ, மாணவிகள் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினர் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் நாள் ஒன்றுக்குத் தலா 10 நிமிடம் மட்டும் பார்க்க வேண்டும். ஆக அரை மணி நேரம். மற்றவர்கள் வழக்கம்போல் பார்க்கலாம். மூன்று வாரம் இது நடந்தது.

குறைத்துக்கொண்டவர்களிடம் தனிமை உணர்ச்சி குறைந்தது. ஏற்கனவே மனச்சோர்வு மிகுந்திருந்தவர்களுக்கு நல்ல மாறுதல் தெரிந்தது.

வழக்கம்போல் பார்த்தவர்களிடமும் பதற்றம் ஓரளவு குறைந்தது! எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதை அவர்களும் கவனித்து வந்தார்கள். தன்னைத் தானே கவனிப்பதே பாதி மருந்து போலும்.

143 பேர் சிறு தொகைதான். அதை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது. ஆனால் செலவு இல்லாத இந்தச் சோதனையை எந்த மாணவரும் தம் அறையிலேயே செய்து பார்க்கலாம்.

தூக்கி எறிய வேண்டுமா?

செல்போனைக் கிணற்றில் போட வேண்டும் என்று சிலர் சொல்லுகிறார்கள். அது சரி அல்ல.

2018-ல் அமெரிக்காவில் இன்னொரு சோதனை நடந்தது. சிலருக்குப் பணம் கொடுத்து, 4 வாரம் பேஸ்புக்கை மூடி வைக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு நாள்தோறும் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. குடும்பத்தோடும் நண்பர்களோடும் கூடுதல் நேரம் கழித்தார்கள். மனமும் சற்றுத் தெளிந்தது. ஆனால் நாட்டு நடப்புப் பற்றிய அறிவு குறைந்தது. லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

தமிழ்நாட்டு மாணவர்களும் இதனால் நன்மை பெற்றிருக்கிறார்கள். அரசு 2011-ம் ஆண்டு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. தன் வீட்டில் கம்ப்யூட்டரைக் கண்டிராத பிள்ளைகள் அதிலே விரல் வைத்தார்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடத்தை, கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மாணவி செல்போனில் காசு இல்லாமல் கேட்கலாம். 2020-ல் கொரோனா வந்து கல்லூரிகளை மூடியபோது, பாடம் நடந்தது இதன் வழியாகத்தான். செல்போன் வாங்க வழி இல்லாத பிள்ளைகள் அப்போது தவித்தார்கள்.

ஆகவே, கருவியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பாடம் கேட்க அது பள்ளிக்கூடம். அடுத்தவர் வாழ்க்கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால், அதுவே நோய்.

வீட்டில் தொடங்கும் வியாதி

பெற்றோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது செல்போனா?

"பக்கத்து வீட்டுப் பையனைப் பார். எத்தனை மார்க் வாங்கியிருக்கிறான்!" என்று சொன்னது யார்? "உன் சித்தப்பா மகள் கேம்பஸில் வேலை வாங்கிவிட்டாள், நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்டது யார்? விதை வீட்டில் விழுந்தது. செல்போன் தண்ணீர் ஊற்றியது.

மகன் விடுதியில் இருந்து பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று அம்மா கேட்கிறாள். அன்பான கேள்வி. கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கலாம். "யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?"

அதற்கு இரண்டு மூன்று பெயர் சட்டென்று வந்தால் கவலை இல்லை. "தனியாகத்தான்" என்று நாள்தோறும் பதில் வந்தால், மார்க் கணக்கைக் கேட்பதை நிறுத்திவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மனம் மிகவும் தளர்ந்தவர்கள் பேசுவதற்கு அரசு தொலைபேசி உதவியும் உண்டு. 2022-ல் தொடங்கிய "டெலி மானஸ்" சேவையின் எண் 14416. கட்டணம் கிடையாது. இரவிலும் பேசலாம். உடம்புக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பார்க்கிறோம். மனத்துக்குக் காய்ச்சல் வந்தால் பேசுவதில் என்ன வெட்கம்?

கதவைத் தட்டுங்கள்

கல்லூரிகளுக்கும் கடமை உண்டு. வெளியூரில் இருந்து வந்து, வாடகை அறையில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் மாலையில் எங்கே போகிறார்கள் என்று கேட்க வேண்டும். விளையாட்டு, நாடகம், நாட்டு நலப்பணி என்று ஏதாவது ஒன்றிலே அவர்களை இழுத்துவிட வேண்டும்.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். விடுதிச் சாப்பாட்டு மேஜையில் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரே இருப்பவரோடு பேசிப் பாருங்கள். உங்களுக்குப் புரியாத பாடம் அவருக்கும் புரியவில்லை என்று தெரியவரும். உங்கள் வீட்டுக் கஷ்டம் அவர் வீட்டிலும் இருக்கிறது என்று தெரியவரும். எந்தப் படமும் இதைச் சொல்லாது. வாய் திறந்து பேசினால்தான் தெரியும்.

ஹார்வர்டின் பழைய முகப் புத்தகம் ஒரு நல்ல காரியத்துக்காக இருந்தது. அடுத்த அறையில் இருப்பவரின் பெயரைத் தெரிந்துகொள்ள அது உதவியது. அந்தக் காரியத்துக்கு இன்றைக்கும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அடுத்த அறைக் கதவைத் தட்டிப் பெயரைக் கேட்பது!