பெயரனும் பேரேடும்

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023ஆம் ஆண்டில் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணமும் அவ்வாண்டு நடந்தது. அதன் பின்னர் எங்கள் ஊவாப் பகுதி இளைஞரிடையே ஒரு கேள்வி வலுத்திருக்கிறது. தம் முன்னோர் எந்த ஊரிலிருந்து புறப்பட்டனர் என்பதே அது. எல்லவிலும் தெமோதரையிலும் பண்டாரவளையிலும் என்னிடம் தமிழ் கற்றவர்கள் பழைய பிறப்பத்தாட்சிப் பத்திரங்களை நீட்டி, "ஐயா, இந்தப் பெயரைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள். படித்துச் சொல்லுவது எளிதன்று. ஏன் எளிதன்று என்பதையும், இதில் தமிழாசிரியருக்கு உள்ள பொறுப்பு யாது என்பதையும் நம் ஆசிரியவுலகின் முன் வைக்க விரும்புகிறேன்.

முன்னோரைத் தேடும் கலையில் அயர்லாந்து நாட்டு வழியினர் மிக்க தேர்ச்சி பெற்றவர்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அந்நாட்டில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அத்தனை பேரே கடல் கடந்தனர். இவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஊரைத் தேடிப் போனால், அங்கே ஏடுகள் குறைவு. 1922இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நகரத்துப் பொதுச் சுவடிக்கூடம் எரிந்து சாம்பலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடிமதிப்புத் தாள்களிற் பெரும்பகுதி அவ்வாறு போயிற்று. எஞ்சிய ஆண்டுகளின் தாள்களை அதற்கு முன்னமே அரசாங்கம் தானே அழித்துவிட்டிருந்தது. ஆயினும் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. நிலவரி மதிப்பீட்டுக்காகக் கிரிஃபித் என்பவர் 1847 முதல் 1864 வரை எடுத்த கணக்கில் குத்தகைக்காரர் பெயரெல்லாம் இருக்கக் கண்டு, அதனையே குடிமதிப்புக்கு ஈடாகக் கொண்டனர். கோயிற் பதிவேடுகளையும், 1864 முதல் எல்லார்க்கும் பொதுவாகத் தொடங்கிய பிறப்பு இறப்புப் பதிவுகளையும் அதனோடு சேர்த்தனர். ஓர் ஏடு எரிந்தால் அதன் நிழல் விழுந்த வேறோர் ஏட்டைத் தேடுவது அவர்கள் வழி.

நம்மவர்க்கு அவ்வழி அப்படியே பொருந்தாது. முதலாவது, ஐரிஷ்காரருக்குக் குடும்பப் பெயர் உண்டு. பத்துத் தலைமுறைக்கும் அது மாறாது. நமக்கோ தகப்பன் பெயரே முதலெழுத்து. தலைமுறைதோறும் அது மாறிவிடும். இரண்டாவது, குத்தகைக்காரன் பெயராவது அங்கே நில ஏட்டில் ஏறிற்று. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கண்டிச் சீமைக்குக் கூலிக்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் காணி பூமி இல்லாதவர். நிலமில்லாதவன் பெயரை நில ஏடு அறியாது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) ஊரைவிட்டு நடந்தவன் போனதைக் கர்ணம் தம் கணக்கில் குறித்திருப்பார் என்று எதிர்பார்ப்பதும் வீண்.

ஆனால் நம்மிடம் அவர்களுக்கில்லாத ஒரு துணை உண்டு. 'பேரன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பெயரன் என்பதன் மரூஉ அது. பாட்டன் பெயரைச் சுமப்பவன் என்பது பொருள். முத்துசாமியின் மகன் இராமசாமி, இராமசாமியின் மகன் மீண்டும் முத்துசாமி என்று ஒன்றுவிட்டொன்றாகப் பெயர் திரும்பி வரும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நின்றது. ஆகவே ஒருவன் பெயரறிந்தால் அவன் பாட்டன் பெயரை ஒருவாறு ஊகிக்கலாம். ஊகித்ததைப் பதிவேட்டில் ஒப்புநோக்கலாம். பெயரின் பொருளும் பேசும். குப்பன், குப்பாயி, பிச்சை என்ற பெயர்களைக் கண்டு இக்காலப் பிள்ளைகள் நாணுகிறார்கள். முன் பிறந்த குழந்தைகள் தக்காமற் போன வீட்டில், பிறந்ததைக் குப்பையிலிட்டு எடுத்தோ, பிச்சையாக ஏந்தியோ இட்ட பெயர்கள் அவை. பதிவேட்டில் ஒரு குப்பாயி இருந்தால், அவளுக்கு மூத்தோர் இறப்பையும் அதே ஏட்டில் தேடவேண்டும் என்பது குறிப்பு. பெரியண்ணன் என்று பெயர் வந்தால் முசிறி, நாமக்கல் பக்கத்துத் தெய்வத்தை நினைக்கலாம். தோட்டத்தில் பொன்னர் சங்கர் கூத்து விடாது ஆடிவந்த குடும்பமாயின், மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூர்ப் பக்கம் நோக்கலாம். இவை முடிவுகள் அல்ல, வழிகாட்டிகள்.

வேறொரு வழிகாட்டி கங்காணி. பெரிய கங்காணி தன் ஊரிலும் அண்டை ஊர்களிலுமே ஆள் திரட்டினான். உங்கள் பூட்டனைப் பற்றி ஒரு வரியும் கிடையாதெனினும், அவர் யாருடைய 'கணக்கில்' பேர் பதிந்தார் என்பது தெரிந்தால், கங்காணியின் ஊரே பாதி விடை. தோட்டத்துச் செக்ரோல் ஏடுகளில் ஆட்கள் கங்காணிவாரியாகவே எழுதப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழுத்தில் தொங்கவிட்ட தகர வில்லையில் தோட்டத்தின் இலக்கம் பொறித்திருந்தது. அத்தகைய வில்லை ஏதேனும் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் கிடந்தால், பழைய இரும்பு வாங்குவோனிடம் போட்டுவிடாதீர்கள்.

இனி ஏடுகள் நம்மவர்க்குச் செய்த வன்மத்தைச் சொல்லவேண்டும். ஐரிஷ்காரர் முன்னோரைத் தேடுவது ஆசைக்காக. நம்மவரோ குடியுரிமைக்காகத் தேடவேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இங்கே பிறந்த ஒருவர் வம்சாவளியால் பிரசையாவதற்குத் தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர் என்றேனும் காட்டவேண்டும். தோட்டங்களில் தாலி கட்டி நடந்த மணங்கள் பெரும்பாலும் பதிவு செய்யப்படவில்லை. மணம் பதிவாகாத பெற்றோர்க்குப் பிறந்த பிள்ளையின் பத்திரத்தில், இருவரும் சேர்ந்து கேட்டாலொழியத் தந்தை பெயரை எழுதலாகாது என்பது பதிவுச் சட்டம். 'பெற்றோர் விவாகம் செய்தவரா?' என்ற கூட்டில் 'இல்லை' என்று எழுதியிருக்கும். தந்தையின் கூட்டில் ஒரு கோடு. ஒரு சட்டம் தந்தையைக் கேட்டது. மற்றொரு சட்டம் தந்தையை எழுதவிடவில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பத்தில் அடங்கினர். பதினைந்து ஆண்டுகளில் பிரசையானோர் ஏறத்தாழ 1,34,000 பேர். எஞ்சியோரை 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை எண்களாகப் பங்கிட்டது. இவ்வழக்கு முழுவதும் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தோம்.

இதனைச் சொல்லும்போது பதுளைப் புனித மாற்கு தேவாலயம் என் நினைவுக்கு வரும். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் றொஜர்ஸ் என்பவரின் ஞாபகமாகக் கட்டியது அது. இலங்கையிலுள்ள ஐரோப்பியர் கல்லறை எழுத்துகளையெல்லாம் திரட்டி, 1913இல் பென்றி லூயிஸ் தனி நூலே ஆக்கினார். துரைமார் வழிவந்தவர் இங்கே வந்தால் அவர் கையில் அந்நூல் உண்டு. தேயிலைத் தூருக்கடியிற் புதைந்தவர்க்கு அத்தகைய நூல் இல்லை.

இருக்கின்ற ஏடுகளிலோ தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் கிடக்கிறது. ல, ள, ழ மூன்றுக்கும் அங்கே ஓரெழுத்து. ரகர றகர வேறுபாடும் இல்லை. நீர்த்துறையாற் பெயர்பெற்ற துறையூரா, துரைமகனாற் பெயர்பெற்ற துரையூரா என்று அவ்வெழுத்துக் காட்டாது. குளத்தூரும் புதுப்பட்டியும் தாலுகாவுக்குத் தாலுகா உண்டு. ஜில்லாவும் நிலையாக நிற்கவில்லை. பத்திரத்தில் திருச்சிராப்பள்ளி என்றிருக்கும் பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாயிற்று. சேலத்திலிருந்த நாமக்கல் 1997இல் பிரிந்தது. புதுக்கோட்டையோ 1948 வரை தனிச் சமஸ்தானம். இவ்வளவும் அறிந்து ஒரு பெயரை மீட்டெழுதுவது எழுதுவினைஞரின் வேலையாகாது. தமிழ்ப் பண்டிதனின் வேலை. ஒற்று மிகாமைக்குச் சிவப்பு மையைக் கொட்டும் நாம், மாணாக்கனின் பூட்டன் பெயர் பிழைபட்டுக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருத்தல் முறையோ?

நண்பராகிய ஆசிரியர் ஒருவர் இதனை மறுக்கிறார். "இந்த மண்ணின் மக்கள் என்று நிலைநாட்டவே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று, இனி இந்தியாவில் ஊர் தேடினால், 'அங்கேயே போங்கள்' என்பாருக்கு நாமே வாய் கொடுப்பதாகும், சாதி பேசவும் இடமாகும்" என்பது அவர் வாதம். முற்பகுதியை நான் ஏற்கமாட்டேன். 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தம் பூட்டன் புறப்பட்ட வெக்ஸ்ஃபோர்டுப் பகுதிக்குச் சென்று உறவினர் வீட்டில் தேநீர் அருந்தினார். அதனால் அவர் அமெரிக்கர் அல்லர் என்று எவரும் சொல்லவில்லை. அப்புத்தளைக்கு மேலே தம்பதென்னையை 1890இல் வாங்கிய லிப்டன் துரையும் ஐரிஷ் பெற்றோர்க்குக் கிளாஸ்கோவிற் பிறந்தவரே. சாதியைப் பற்றிய அச்சம் மெய்யானது. ஊரும் பெயரும் தெய்வமும் எழுதினாற் போதும். சாதிக் கூடு என் தாளில் இல்லை, இருக்கவும் விடேன்.

வேண்டுவன சில. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. அக்கைமாற்றங்களைத் தப்பிய செக்ரோல்களும் பிறப்பு இறப்பு அறிவித்தல் பிரதிகளும் கரையானுக்கு இரையாகாமல் தேசிய சுவடிக்கூடத்தைச் சேரவேண்டும். கம்பெனிகள் இதற்குப் பணம் தரவேண்டியதில்லை. அறைச் சாவியைத் தந்தாற் போதும். அடுத்தது நம் பாடசாலைகளின் வேலை. உயர்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஐந்து தலைமுறைத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதி வைக்கட்டும். பெண்வழியும் அதில் வரவேண்டும். கொழுந்துக் கூடை சுமந்தவள் பெயரின்றித் தோட்டக் குடும்பத்துக்கு வரலாறு ஏது?

பாட்டியைக் கேட்கும் முறையும் உண்டு. 'எந்த ஜில்லா?' என்றால் அவர் விழிப்பார். உங்கள் சாமி எது, அதற்கு எந்த மாதத்திற் படையல், பெரிய கங்காணி எந்த ஊரார், ஊரிலிருந்து சந்தைக்கு எங்கே நடந்ததாக உங்கள் ஆத்தாள் சொன்னாள் என்று கேளுங்கள். சந்தை அகப்பட்டால் ஊர் அதிலிருந்து ஒரு நாள் நடைக்குள் இருக்கும். அவர் உச்சரித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துத் திருத்தத்தைப் பின்னர் நான் பார்த்துக்கொள்கிறேன்.